கொச்சிக்கு என்ன சொன்னார்கள்

என் வயதுக்காரர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். வானிலை அறிக்கையை நீங்கள் கடைசிவரை கேட்பதுண்டா? பெரும்பாலும் கேட்கமாட்டீர்கள். நம் ஊர்ப் பெயர் வந்ததும் எழுந்து போய்விடுவீர்கள். நான் அப்படியில்லை. கடைசி ஊர், மீனவர்களுக்கான எச்சரிக்கை, அதற்குப் பின் வரும் விளம்பரம் வரை அசையாமல் உட்கார்ந்திருப்பேன். அடுப்பில் பால் பொங்கினாலும் எழமாட்டேன். இது வயதின் கோளாறு என்கிறாள் என் மகள். இருக்கட்டும். அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். நீங்களும் எதையாவது பாதியில் அணைத்தவர்களாகத்தான் இருப்பீர்கள்.

மட்டாஞ்சேரியில் ஒரு பழைய மிளகுக் கிடங்கின் பின்பக்கம் எங்கள் லைன் இருந்தது. சுவரோடு சுவர் ஒட்டிய பதினொரு வீடுகள். எல்லாரும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆண்கள் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்கள். பெண்கள் வீட்டில் அப்பளம் போட்டுக் கடைகளுக்குக் கொடுத்தார்கள். கிடங்கின் முன்னால் மிளகு காயப்போடுவதற்கென்று பெரிய சிமெண்டுக் களம் ஒன்று உண்டு. மிளகு வரத்து தை மாதத்தில்தான் தொடங்கும். அதுவரை களம் எங்களுடையது. பதினொரு வீட்டுக்கும் அதில் பதினொரு இடம். கரிக்கட்டியால் கோடு போட்டுப் பிரித்திருப்பார்கள். மழை கோட்டை அழித்தால் பெரியம்மா வந்து மறுபடி போடுவாள்.

பெரியம்மா என்றால் என் அம்மாவின் அக்கா. லைனில் அவள் வைத்ததுதான் சட்டம். காரணம், காரப் பரணி அவளிடம் இருந்தது. அப்பளம் எண்ணெயில் உப்பி வருவதற்காக மாவில் சேர்க்கிற வெள்ளைத் தூளைக் காரம் என்போம். பழுப்பு வாயும் வெள்ளை வயிறுமாக ஒரு பீங்கான் பரணி நிறைய அதை வாங்கி வைத்திருப்பாள். விளக்கு வைக்கிற நேரத்தில் பரணி திறந்தால் மறுநாள் வேலை உண்டு. வீட்டுக்கு ஒரு கரண்டி கிடைக்கும். பிறகு லைன் முழுக்க உலக்கைச் சத்தம்தான். பரணி திறக்கவில்லையென்றால் வேலை இல்லை.

திறப்பதா வேண்டாமா என்பது மழையைப் பொறுத்தது. உளுந்து மாவை இடித்துப் பதமாக்கிவிட்டால் அது காத்திருக்காது. மறுநாள் விடிந்ததும் தேய்த்து, ஒன்பது மணி வெயிலில் பாயில் பரப்பியாக வேண்டும். ஒரு நாள் தள்ளினால் புளித்து இளகிப்போகும். பாதி காய்ந்த அப்பளத்தில் நாலு சொட்டு விழுந்தாலும் கரும்புள்ளி வந்துவிடும். ஆகையால் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் சாயங்காலம் ஆனால் எல்லாருக்கும் ஒரே கேள்வி, நாளைக்கு எப்படி?

அந்த மாதங்களில் கொச்சி வானத்தை நம்பிக் கெட்டவர்கள் அநேகம். காலையில் பளிச்சென்று வெயில் அடிக்கும். கழுத்தில் லேசான குளிர் இருக்கும், கிடங்கிலிருந்து மிளகுத் தூசியும் காயலிலிருந்து சேறும் கலந்து மணக்கும், இனி மழை இல்லை என்று தோன்றும். மத்தியானம் கிழக்கே மலைப்பக்கம் கறுக்கும். ஓர் இடி. அவ்வளவுதான், பெண்கள் களத்தை நோக்கி ஓடுவார்கள்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் ரேடியோ மாமா வந்து சேர்ந்தார்.

லைனின் கடைசி வீடு அவருடையது. கப்பலில் சரக்கு இறக்கும்போது வலது கையில் மூன்று விரலை இழந்து, வேலையை விட்டவர். பிள்ளைகள் இல்லை. அவர் மனைவி, எங்களுக்கு அத்தை, போடுகிற அப்பளத்தில்தான் அந்த வீட்டில் சோறு. களத்தில் அவர்களுக்கிருந்த ஒரு பாய் அகல இடம்தான் அவர்களுடைய முழுச் சொத்து என்று சொல்ல வேண்டும். அதற்கு மேல் அவரிடம் இருந்தது ஒரு டிரான்சிஸ்டர். ஊருக்குத் திரும்பும் கப்பல்காரன் ஒருவன் கொடுத்துவிட்டுப் போனது. தோலுறை போட்டிருக்கும், பக்கத்தில் போனால் புதுச் செருப்பு வாசனை அடிக்கும்.

சாயங்காலம் அதில் தமிழ் ஸ்டேஷன் கிடைக்கும். இரைச்சலுக்கு நடுவே செய்தி வரும், செய்தியின் கடைசியில் வானிலை வரும். கேட்டுவிட்டு மாமா நடைபாதையில் வந்து நின்று, நல்ல கையைத் தூக்கி, "மழை இல்ல, இடிங்க" என்றோ, "நாளைக்கு மழை உண்டு" என்றோ சொல்வார். பரணி அந்தச் சொல்லுக்குத் திறந்தது, மூடியது. முதல் வருஷம் அவர் வாக்கு எப்படியோ பலித்தது, அவருக்கு ஏக மரியாதை. மீன் குழம்பு வைத்த வீடுகளிலிருந்து கிண்ணம் போகும்.

தெருமுனைச் சாயாக்கடைச் சேட்டனிடமும் ரேடியோ இருந்தது. அவர் மலையாளச் செய்தி கேட்பார். எங்கள் பெண்கள் தண்ணீர்க் குடத்தோடு அந்த வழியே போகும்போது மழை வருமா வராதா என்று அவரும் சொல்வார். யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஏன் என்று ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன்.

"அது அவங்க ஆளுகளுக்குச் சொல்லுதது. நமக்கு நம்ம பாஷையிலதான சொல்லுவாங்க" என்றாள் அம்மா.

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. மலையாளப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன், வீட்டில் தமிழ். இரண்டு பாஷைக்கு இரண்டு மழை இருக்கும் என்று நம்புவதில் எனக்குக் கஷ்டமே இல்லை.

இரண்டாம் வருஷம் மாமாவின் வாக்கு தப்ப ஆரம்பித்தது. மழை என்று சொன்ன நாளெல்லாம் வெயில் கொளுத்தியது. காலிக் களத்தைப் பார்த்துக்கொண்டு பெண்கள் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தப்பாகச் சொல்கிறார் என்றால் தெரியாமல் சொல்கிறார் என்று நினைக்கிற வழக்கம் எங்கள் லைனில் கிடையாது. குழாயில் தண்ணீர் வராவிட்டால்கூட எந்த வீட்டுக்காரி அடைத்தாள் என்றுதான் பேச்சு தொடங்கும். நானும் அந்த மண்ணில் முளைத்தவள்தான். இன்றைக்கும் தபால்காரர் சிரித்தால் எதற்குச் சிரித்தார் என்று யோசிப்பேன்.

அதற்குத் தோதாக ஒரு விஷயம் அகப்பட்டது. மழை என்று மாமா அறிவித்து, பரணி மூடி, லைனே சத்தமில்லாமல் இருந்த ஒரு சாயங்காலம், கடைசி வீட்டிலிருந்து மட்டும் உலக்கைச் சத்தம் கேட்டது. ஒற்றையாள் இடிக்கிற நிதானமான சத்தம். மறுநாள் நல்ல வெயிலில், அத்தனை பெரிய களத்தில் அத்தையின் பாய் ஒன்று மட்டும் காய்ந்தது.

"புருஷன் நமக்கு மழைங்கான். பெஞ்சாதி மாவு இடிக்கா. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றாள் பெரியம்மா.

"காரம் எங்கிருந்து வந்துச்சு அவளுக்கு?" என்றாள் அம்மா.

அத்தை மற்றவர்களைவிடக் குறைவாகக் காரம் போடுவாள். அவள் அப்பளம் கொஞ்சம் வெளுத்திருக்கும். மிஞ்சியதைப் பொட்டலத்தில் சேர்த்து வைத்திருந்தாள். இப்போது யோசித்தால் தெரிகிற இந்தச் சாதாரண விஷயம் அப்போது ஒருவருக்கும் தோன்றவில்லை.

அடுத்து பேட்டரிக் கட்டைகள் மாட்டிக்கொண்டன. கட்டையில் சத்து இறங்கிவிட்டால் வெயிலில் காயவைத்து இன்னும் சில நாள் ஓட்டுவது அன்றைய வழக்கம், உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். மாமா காலையில் களத்தின் ஓரத்தில் நாலு கட்டையை வரிசையாக வைப்பார்.

"களத்துல கறுப்பா நாலு வைக்கான் பாத்தியா? எதுக்கு நாலு? செய்வினை மாதிரில்ல இருக்கு?" என்றாள் பெரியம்மா.

"ரேடியோவுக்கு நாலு கட்டை பெரியம்மா" என்றேன்.

"அவன் அப்படித்தான் சொல்லிக் குடுத்திருப்பான்."

முடிவில் என்னை அனுப்புவது என்று தீர்மானித்தார்கள். மாமாவுக்கு என் மேல் பிரியம். போய் உட்கார்ந்து, ரேடியோ சொல்வதையும் அவர் வெளியே வந்து சொல்வதையும் ஒப்பிட்டு வந்து சொல்ல வேண்டும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஏழு சாயங்காலம் போனேன். அத்தை ஒவ்வொரு நாளும் வெந்த கப்பைக் கிழங்குத் துண்டில் தேங்காய் துருவிப்போட்டுத் தருவாள். அதைத் தின்றுகொண்டே அவர்களை வேவு பார்த்தேன்.

ரேடியோவுக்குள் பேசியவர் நல்ல தமிழ் பேசினார். கடலூர், நாகப்பட்டினம், செங்கல்பட்டு என்று ஊர் ஊராகச் சொன்னார். கடலோர மாவட்டங்களில் கனமழை என்றார். அது முடிந்த அடுத்த நொடி மாமா டக்கென்று அணைத்துவிடுவார். கட்டை தீர்ந்துவிடும் என்ற பயம். பிறகு வெளியே போய், "நாளைக்கு மழை உண்டு" என்பார். உள்ளே கேட்டதற்கும் வெளியே சொன்னதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

அப்படியே வந்து சொன்னேன். பெரியம்மாவுக்குத் திருப்தி இல்லை. அப்பளக் குழவியைக் கீழே வைத்துவிட்டு என்னை முன்னால் உட்காரவைத்தாள்.

"எந்தெந்த ஊருக்கு மழைன்னு சொன்னாங்க?"

சொன்னேன்.

"கொச்சிக்கு என்ன சொன்னாங்க?"

யோசித்துப் பார்த்தேன். "கொச்சின்னு ஒண்ணும் சொல்லல."

"சொல்லலையா, நீ கேக்கலையா?"

"சொல்லல. அதுக்குள்ள மாமா அணைச்சுட்டாங்க."

பெரியம்மா அம்மாவைப் பார்த்தாள். அம்மா பெரியம்மாவைப் பார்த்தாள். இரண்டு பேர் முகத்திலும் ஒரே நேரத்தில் வெளிச்சம் வந்தது.

"கடைசியிலதான் நம்ம ஊரச் சொல்லுவாங்க போல. அது வாரதுக்கு முன்ன பிள்ளைக்குக் கேக்காம அணைக்கான். பொறவு புருஷனும் பெஞ்சாதியும் மெதுவா வச்சுக் கேட்டுக்கிடுதாங்க" என்றாள் பெரியம்மா.

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அந்த உண்மையைக் கொண்டே ஒரு மனிதரைக் கள்ளனாக்கிவிட்டார்கள். நானும் நம்பினேன். அடுத்த நாள் அவர் அணைத்ததும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவசரமாக அணைத்ததாகத்தான் தெரிந்தது.

சந்தேகப்பட்டவர்கள் அவர் சொல்வதைக் கேட்பதை நிறுத்தினார்களா என்றால், இல்லை. தினமும் கேட்டார்கள். மழை என்றால் பயந்து பரணியை மூடினார்கள், இல்லை என்றால் திறந்தார்கள், இரண்டு நாளும் அவரைத் திட்டினார்கள்.

கார்த்திகையில் ஒரு பெரிய வேலை வந்தது. போர்ட் கொச்சியில் ஒரு கல்யாணச் சாப்பாடு. சமையல் குத்தகைக்காரர் அம்மாவிடம் வந்து பேசினார். இதைச் சரியாகச் செய்து கொடுத்தால் இனி அவர் பிடிக்கிற கல்யாணமெல்லாம் எங்கள் லைனுக்குத்தான் என்றார். அம்மா அன்றைக்கு நடந்த நடையே வேறாக இருந்தது. எல்லா வீடும் அம்மாவுக்காக இடிக்கச் சம்மதித்தது. அத்தை மட்டும் மறுநாள் பல் பிடுங்க ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று சொல்லிவிட்டாள். கன்னம் வீங்கித்தான் இருந்தது.

சாயங்காலம் மாமா வந்து நின்றார். "நாளைக்கு வறண்ட வானிலைதான். தைரியமா இடிங்க."

அன்றைக்கும் நான் உள்ளே இருந்து கேட்டேன். ரேடியோ அதைத்தான் சொன்னது.

மறுநாள் களத்தில் பத்து வீட்டுப் பாயும் விரிந்தது. கோட்டுக்குக் கோடு இடமில்லாமல் வெள்ளை வெளேரென்று அப்பளம். பத்து மணிவாக்கில் சாயாக்கடைச் சேட்டன் குரல் கொடுத்தார். "சேச்சீ, உச்ச கழிஞ்ஞா இடியும் மழயும் உண்டாகும். ரேடியோவில பறஞ்ஞு." மத்தியானத்துக்கு மேல் இடிமழை என்று அவர் ரேடியோ சொல்லிவிட்டது. அம்மா தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள்.

இரண்டரை மணிக்குக் கிழக்கே ஓர் இடி இடித்தது. அதற்கப்புறம் எனக்குக் கால்கள்தான் ஞாபகம் இருக்கின்றன. ஓடுகிற கால்கள், பாயை இழுக்கும்போது கீழே கொட்டிய அப்பளத்தை மிதிக்கிற கால்கள். பெரிய பெரிய சொட்டுகள் விழுந்தன. கடைசி வீட்டிலிருந்து மாமா தன் வீட்டுப் பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடிவந்தார். மூன்று விரல் இல்லாத கையால் அதை விரிக்க முடியாமல், பல்லால் கடித்துப் பிடித்து, எங்கள் அப்பளத்தின்மேல் மூடினார். அதன்மேல் குப்புறப் படுத்தும் பார்த்தார். நான் பக்கத்தில் நின்று இதைப் பார்த்தேன். கால் மணி நேரத்தில் மழை விட்டபோது களம் முழுக்க உளுந்துக் கூழாக இருந்தது. அம்மா அழவில்லை. கூழை வழித்து வழித்து வாளியில் போட்டாள், எதற்கென்று தெரியாமல்.

அன்றைக்குச் சாயங்காலம் களத்திலேயே விசாரித்தார்கள்.

"உன் வீட்டுப் பாயி மட்டும் நனையாம எப்படி எடுத்த எடுப்புல கையில இருந்துச்சு?" என்று ஆரம்பித்தாள் பெரியம்மா. "இன்னைக்குன்னு பாத்து உன் பெஞ்சாதிக்குப் பல்லு வலிக்கா?"

"ரேடியோவுல சொன்னதத்தான் மதினி சொன்னேன்" என்றார் மாமா. ஈர வேட்டியோடு நின்றிருந்தார்.

"கொச்சிக்கு என்ன சொன்னாங்க?"

அப்படி ஒரு கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை.

"ஏட்டி, இங்க வா. நீதான கூட இருந்த. கொச்சிக்குச் சொன்னாங்களா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அம்மாவின் கை என் தோளில் இருந்தது, அதில் மாவு காய்ந்து வெடித்திருந்தது. "சொல்லல. அதுக்குள்ள மாமா அணைச்சுட்டாங்க" என்றேன். அதே வார்த்தைகள். மழையில் அவர் பாயைக் கடித்து இழுத்ததையும் சொல்லியிருக்கலாம். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் என்னை உறுத்துவது அந்தச் சொல்லாததுதான்.

"அதுக்கப்புறம் ஒண்ணும் வராது மதினி, பாட்டுத்தான் வரும்" என்றார் மாமா.

"நீ கேட்டிருக்கியா?"

அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். "இல்ல. கட்டை தீந்துரும்னு அணைச்சிருவேன்."

அதோடு முடிந்தது. மறுநாள் பெரியம்மா கரிக்கட்டியால் கோடு போட்டபோது களத்தில் பத்து இடம்தான் இருந்தது. பரணியிலிருந்து கடைசி வீட்டுக்குக் கரண்டி போகவில்லை. மார்கழி பிறப்பதற்குள் அவர்கள் ஒரு கைவண்டியில் சாமானை ஏற்றிக்கொண்டு தோப்பும்படிக்குப் போய்விட்டார்கள். வண்டி போகும்போது மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். எதற்குச் சிரிக்கிறார் என்று அன்றைக்கும் சந்தேகப்பட்டேன். குத்தகைக்காரர் திரும்பி வரவில்லை. அம்மா அதற்குப் பிறகு மழையைப் பற்றி யாரிடமும் கேட்டதில்லை, கிழக்கே பார்த்துவிட்டு அவளாகவே முடிவு செய்துகொண்டாள்.

எண்பதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணமாகி, நாகப்பட்டினம் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனேன். அங்கே ஓர் ஐப்பசிச் சாயங்காலம். மாமனார் ரேடியோவில் செய்தி வைத்திருந்தார். அதே மாதிரிக் குரல். கடலூர், நாகப்பட்டினம், செங்கல்பட்டு. கனமழை. அவர் அணைக்கவில்லை. நான் கையில் கரண்டியோடு நின்று, அடுத்து கொச்சி வரும் என்று காத்திருந்தேன். வானிலை அறிக்கை முடிந்தது என்றார்கள். பாட்டு வந்தது. விடியும்முன் எங்கள் கூரையில் மழை கொட்டியது. மாமா கொச்சியில் சொன்ன மழையெல்லாம் இங்கே, மலைக்கு இந்தப் பக்கம், சொன்னபடி ஒழுங்காகப் பெய்துகொண்டிருந்திருக்கிறது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

அடுத்த முறை அம்மா வீட்டுக்குப் போனபோது தோப்பும்படிக்குப் போய் விசாரித்தேன். மீன் துறைமுகத்துக்குப் போகும் வழியில் அத்தை சின்னதாகச் சாயாக்கடை போட்டிருந்தாள். மாமா முந்தைய வருஷமே இறந்துபோயிருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டு, பெஞ்சைத் துடைத்து உட்காரவைத்து, சாயா ஊற்றிக் கொடுத்தாள். வழியெல்லாம் மனதில் கட்டிக்கொண்டு வந்த பேச்சை விட்டுவிட்டு எங்கோ ஆரம்பித்தேன்.

"மாமா மழைன்னு சொன்ன அன்னைக்கு நீங்க மட்டும் எப்படி அத்தை மாவு இடிச்சீங்க?"

"அவரு சொல்லுதத நான் எப்ப கேட்டேன்ட்டி? கல்யாணமான நாள்லேர்ந்து அவரு ஒண்ணு சொல்லுவாரு, நான் ஒண்ணு செய்வேன்." அவள் சிரித்தாள்.

ஊரே கூடி நடத்திய விசாரணையில் ஒருவருக்கும் தோன்றாத பதில் அது. நான் சாயாவைக் கீழே வைத்துவிட்டேன்.

"அத்தை, கொச்சிக்குன்னு அதுல ஒரு வரியும் கெடையாது. அது தமிழ்நாட்டுக்கு மட்டும் சொல்லுதது. மாமா முழுசாத்தான் கேட்டிருக்காங்க. நான் அன்னைக்குச் சொன்னது..."

"எனக்குத் தெரியும்ட்டி. இங்க சாயா குடிக்க வாரவங்க சொன்னாங்க. அவருகிட்டயும் சொன்னேன். நான் சொல்லி அவரு எதைக் கேட்டாரு?"

கிளாசுகளைக் கழுவிக் கவிழ்த்தாள். பலகைக்கு மேலே அந்தத் தோலுறை ஆணியில் தொங்கியது, உள்ளே ரேடியோ இல்லை.

"அந்தப் பிள்ளை பொய் சொல்லாது, நாந்தான் அவசரப்பட்டு முந்தி அணைச்சிருக்கேன், அவங்க கோவிச்சது நியாயந்தான்னு சொல்லுவாரு. இங்க வந்த பொறவு அணைக்கவே மாட்டாரு. செய்தி முடியும், பாட்டு முடியும், வெவசாயிகளுக்குச் சொல்லுதது முடியும். கட்டை தீந்து கரகரன்னு ஆவுற வரைக்கும் காத ஒட்ட வச்சு உக்காந்திருப்பாரு. என்ன, வந்துச்சான்னு கேப்பேன். இன்னும் வரலைம்பாரு."